விசிறியைப் பெரிதாக்கினால் சூடு தணியுமா?

எஞ்சினைக் குளிர்விக்கும் இரு முறைகளையும் காண வடசென்னையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைச் சுற்றி உலோக மடிப்புகள் இருக்கும். எதிர்க்காற்று பட்டே அது குளிரும். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் லாரிகளுக்கோ நீர், ரேடியேட்டர், விசிறி மூன்றும் வேண்டும்.

அத்தகைய பழைய லாரியையோ பேருந்தையோ வாங்கி, கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஓடும் வீடாக, அதாவது கேரவனாக, மாற்றுவதில் சிலருக்குத் தனி ஆசை உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்துவிட்டால், "பெரிய ஃபேனாகப் போட்டுவிடுங்கள்" என்ற யோசனைதான் முதலில் வருகிறது. அது கடைசியாக வர வேண்டிய யோசனை என்பது என் கருத்து.

விசிறிக்கு உள்ள வேலை சிறிதன்று. டீசல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. ஏறக்குறைய இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை நீர் ஏற்றுக் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் 1 டிகிரி குளிரும்போது விடும் வெப்பத்தை ஏற்க, ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று 1 டிகிரி சூடாக வேண்டும்! அப்படியானால் காற்றைக் கூட்டுவதுதானே வழி என்று கேட்பீர்கள். கூட்டலாம், அதற்குரிய விலையைப் பாருங்கள்.

சிறிய கப்பியை மாட்டி விசிறியின் வேகத்தை 20 சதவீதம் உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். காற்றும் 20 சதவீதம் கூடும். ஆனால் விசிறி விழுங்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 1.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.73. அதாவது, 5 குதிரைத்திறன் கேட்ட விசிறி இப்போது 8.6 கேட்கும். சமவெளியில் காலை நேரத்தில், விசிறியே தேவையில்லாத போதும் கேட்கும்; பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது பெல்ட்டோடு பிணைந்தே சுழல்கிறதல்லவா? பம்பின் பேரிங்கும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

ஆகவே, இருக்கும் காற்று எங்கே வீணாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விசிறியைச் சுற்றி ரேடியேட்டர் வரை ஒரு தகட்டுக் கூண்டு உண்டு, ஷ்ரவுட் என்பார்கள். பழைய வண்டிகளில் அது உடைந்திருக்கும், அல்லது எப்போதோ கழற்றி எறியப்பட்டிருக்கும். கூண்டில்லாத விசிறி, முன்னால் தள்ளிய சூடான காற்றையே இறக்கைகளின் ஓரமாக இழுத்துத் திரும்பத் திரும்பச் சுழற்றும். இறக்கை எவ்வளவு பெரிதானாலும் என்ன பயன்? எண்ணூர்ப் பக்கம் ஓடிய வண்டியானால் இன்னொன்றும் உண்டு. கடலோர உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அரிக்கும். நிலக்கரித் தூளும் சாம்பலும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இடைவெளிகளை அடைக்கும். அடைத்த சல்லடையின் பின்னால் புயலையே வைத்தாலும் காற்று நுழையாது. கேரவனுக்குக் குளிர்சாதனம் பொருத்துவோர் அதன் கண்டென்சரையும் ரேடியேட்டருக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கூரைக்கு மாற்றித் தனி விசிறி வைப்பது செலவானாலும் அறிவுடைய செலவு.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிடும் வழக்கமும் இருக்கிறது. சில எஞ்சின்களில், தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்கு வழி அடைபடும். அங்கே அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி குளிராமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைத் தணிக்கப் போய்ச் சூட்டை வளர்த்த கதை!

இத்தனையும் சரிசெய்த பிறகு விசிறியை மாற்றலாம். மின்விசிறி வைக்கலாமே என்பீர்கள். 5 குதிரைத்திறன் என்பது 3,730 வாட். 24 வோல்ட் மின்சுற்றில் அது 155 ஆம்பியர். இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் அதிகம். பழைய டைனமோவால் அதைத் தர முடியாது. சிறிய கார்களுக்குப் பொருந்தும் மின்விசிறி, தொப்பூர்க் கணவாயில் தாழ்ந்த கியரில் ஏறும் கனத்த வண்டிக்குப் பொருந்தவில்லை. அங்கே வண்டியின் வேகம் குறைவு, எதிர்க்காற்று இல்லை. ஆனால் எஞ்சின் வேகமாகச் சுழல்வதால் பெல்ட் விசிறியும் வேகமாகச் சுழலும். பழைய பொறியாளர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர்.

எனக்குப் பிடித்தது விஸ்கஸ் விசிறி. அதன் நடுக்குமிழில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானால், முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள் வளைந்து வழி திறக்கும். எண்ணெய் பாய்ந்து விசிறியைத் தண்டோடு இறுகப் பிணைக்கும். குளிர்ந்தால் பிடி தளரும், விசிறி சோம்பலாகச் சுற்றும். டீசலும் மிச்சம், இரைச்சலும் குறைவு. பழமையைக் காப்பவர்கள் இதைக் குற்றமாகக் கருத வேண்டாம். கழற்றிய இரும்பு விசிறியை மட்டும் காயலான் கடைக்குப் போடாமல், அதன் போல்ட்டுகளோடு வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள். வழியில் சிலிக்கோன் எண்ணெய் ஒழுகிவிட்டால், அதைப் பூட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம்.