செத்தவன் பேரில் அறுபது ஷேர்

போன சனிக்கிழமை ராத்திரி 'கேட்ச்-22' படத்தை மறுபடியும் போட்டு உட்கார்ந்தேன். துணைக்குக் கீழ் ஃப்ளாட் சுபேதார் சார். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், ரிடையர் ஆனதும் புனேயிலேயே தங்கிவிட்டார். எங்கள் பில்டிங்கில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். அவ்வளவுதான்!

யுத்தத்தைக் கிண்டல் பண்ணும் படம் என்றாலே எல்லோரும் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) என்பார்கள். நல்ல படம்தான், பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேஷத்தில் பின்னியிருப்பார். ஆனால் அதில் குண்டு போடச் சொல்கிற ஜெனரல் ஒரு பைத்தியம். பைத்தியம் என்று சொல்லிவிட்டால் நமக்கென்ன போச்சு, நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம்.

'கேட்ச்-22' தூங்க விடாது. ஜோசப் ஹெல்லரின் 1961 நாவலை மைக் நிக்கல்ஸ் 1970ல் படமாக்கினார். இரண்டாம் உலகப் போர், இத்தாலிக் கடலில் ஒரு தீவு, அதில் அமெரிக்க விமானத் தளம். மைலோ என்று ஒரு மெஸ் ஆபீசர். முட்டை வியாபாரத்தில் ஆரம்பித்து, பாராசூட்டில் இருக்கும் பட்டையே எடுத்து விற்றுவிடுவான். நாவலில் இன்னும் மோசம். முதலுதவிப் பெட்டியில் மார்ஃபின் இருக்காது, ஒரு சீட்டுதான் இருக்கும். கம்பெனியில் எல்லோருக்கும் ஷேர் உண்டு, அதனால் திருட்டு இல்லையாம்! வாங்கிக் குவித்த எகிப்துப் பஞ்சு விலை போகாமல் கிடக்க, ஜெர்மன்காரன் எடுத்துக்கொள்கிறான். பதிலுக்கு மைலோ தன் தளத்தின் மேலேயே குண்டு போட ஏற்பாடு செய்கிறான்.

அதில் நேட்லி என்ற பையன் செத்துப்போகிறான். அவன் பேரில் அறுபதுக்கு மேல் ஷேர் இருந்ததே என்று மைலோ அமைதியாகக் கணக்குச் சொல்வான்.

அதுவரை விழுந்து விழுந்து சிரித்த சுபேதார் சார், "கொஞ்சம் நிறுத்துங்க தம்பி" என்றார். பனியில் ட்யூட்டி பார்த்தபோது வந்த பூட்ஸ் இரண்டே வாரத்தில் வாயைப் பிளந்ததாம். "கூட இருந்தவனுக்கு ரெண்டு விரல் போச்சு. யார் வாங்கினா, யார் வித்தான்னு இன்னி வரைக்கும் தெரியாது."

நம்மிடம் கதைக்கா பஞ்சம்? போஃபர்ஸ் ஒப்பந்தம் 1986ல். அடுத்த வருஷமே ஸ்வீடன் வானொலி கமிஷன் விஷயத்தை உடைத்தது. 1999ல் கார்கிலில் கைகொடுத்ததும் அதே பீரங்கிதான். பீரங்கி நன்றாகச் சுட்டது, வழக்குதான் புஸ்ஸென்று போனது. ஹெல்லர் கையில் கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா? 2013ல் ஹிந்தியில் 'வார் சோட் நா யார்' வந்தது. எல்லையில் இரண்டு பக்க ஜவான்களும் அடிக்கும் அரட்டை ஜாலிதான், ஆனால் மைலோவின் நகத்துக்குக்கூட வராது. தமிழில் கேட்கவே வேண்டாம். ராணுவம் என்றால் ஸ்லோமோஷன், சல்யூட், பின்னால் கொடி.

கிண்டல் பண்ணினால் ஜவானுக்கு அவமரியாதை என்பார்கள். ஒரு ஜவான் என் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். மிச்சப் படத்தையும் போடச் சொன்னது அவர்தான்.

கிளம்பும்போது, அடுத்த வாரம் 'ஸ்ட்ரேஞ்ச்லவ்' பார்க்கலாமா என்றேன். கதையைக் கேட்டார்.

"ஜெனரலுங்க கதையா? அது வேணாம் தம்பி. ஸ்டோர்ஸ்ல நடக்கிற படம் இருந்தா சொல்லுங்க, வர்றேன்."