பிஸ்டனை அளந்தோம், பேச்சை அளந்தோமா?

நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளில் கடைசியானது அங்கவடி எலும்பு. ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோயில் அதன் அடித்தட்டு இறுகி அசைவிழக்க, ஒலி உட்செவிக்குச் செல்லும் வழி அடைபடுகிறது. 1956இல் ஜான் ஷே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அவ்வெலும்பை அகற்றி, டெஃப்லானால் ஆன மாற்றுறுப்பைப் பொருத்தினார். அதன் பின் வந்த ஆய்வுகள் பலவும் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: டெஃப்லானா, டைட்டானியமா, வெப்பம் பட்டதும் தானே சுருங்கிப் பட்டடை எலும்பைப் பற்றிக்கொள்ளும் நிட்டினாலா? விட்டம் 0.4 மில்லிமீட்டரா, 0.6ஆ?

கேள்வியில் பிழையில்லை, அளவுகோலில்தான் பிழை. காற்றுவழிக் கேட்டல் வரம்புக்கும் எலும்புவழி வரம்புக்கும் இடையிலான வேறுபாடு 10 டெசிபெலுக்குள் அடங்கினால் ‘வெற்றி’ என்று எழுதிவிடுகிறோம். வழக்கமான கேட்டல் சோதனையோ 5 டெசிபெல் படிகளில் நடப்பது. இரு பிஸ்டன்களின் சராசரிகள் ஓரிரு டெசிபெல் வேறுபட்டால், அதைக் கொண்டு விலை கூடியதைப் பரிந்துரைப்பது எவ்வகை நியாயம்? மேலும், அறுவையில் உட்செவி பாதிப்புற்று இரு வரம்புகளும் ஒருசேரத் தாழ்ந்தாலும் இடைவெளி சிறிதாகவே தெரியும்!

‘மாற்றுறுப்பின் இயந்திரப் பணியை நேரடியாகக் காட்டுவது இவ்விடைவெளிதானே?’ என்பர். உண்மைதான். ஆனால் நோயாளி மருத்துவமனைக்கு வருவது தூய தொனிகளைக் கேட்க அன்று. மனிதரின் பேச்சைக் கேட்க. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்ற மூன்று சொற்களையும் பிரித்தறியும் திறனைத் தொனிகளின் சராசரி சொல்லாது. இரைச்சலில் கேட்கும் திறனையும் அது சொல்லாது. இதில் ஒரு முரணும் உண்டு. அமைதியைவிட இரைச்சலில் பேச்சு நன்கு கேட்பதாக இந்நோயாளிகளுள் பலர் கூறுவது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக அறிந்த அறிகுறி. அத்தகையோரை அறுவைக்குப் பின் அமைதியான அறையில் மட்டும் அமர்த்திச் சோதித்து அனுப்புகிறோம்.

அளவுகோல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. தொனி வரம்போடு சொல்லறிதல் மதிப்பெண்ணையும் சேர்த்து வெளியிடுமாறு அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகத்தின் கேட்டல் குழு 2012இலேயே பரிந்துரைத்தது. நம் நாட்டுச் சிக்கல் இன்னும் ஆழமானது. பெருநகர மருத்துவமனை ஒன்றின் வரிசையில் தமிழரும் வங்காளியரும் சந்தாலியரும் நிற்பர். எவரை எம்மொழிச் சொற்பட்டியலால் சோதிப்பது?

இங்கே மருத்துவர்களை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்ப இயலாது. ஒலியனியலைப் பயின்ற நாம், நம் மொழிகள் அனைத்துக்கும் ஒப்பிடத்தக்க, இரைச்சலிலும் பயன்படும் சோதனைப் பட்டியல்களை உருவாக்கித் தந்தோமா? அப்பணி முடியும்வரை ‘எந்தப் பிஸ்டன் சிறந்தது’ என்ற ஒப்பீடு பாதி விடைதான். மீதி விடையை எழுத வேண்டியவர்கள் நம் துறையிலும் இருக்கிறார்கள்.