தையலைப் பார்த்த கண்ணுக்கு விரிசல் தெரியலையா?

போன தீபாவளிக்கு மாப்பிள்ளை சென்னையிலிருந்து எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தார். விலை 1,499 ரூபாய். காலருக்குள்ளே 'மேட் இன் பங்களாதேஷ்' என்று ஒரு துண்டு. பார்த்ததும் ராணா பிளாசா ஞாபகம் வந்துருச்சு. அதைச் சொன்னேன். "அது கட்டடக்காரன் தப்புங்க மாமா. பிராண்ட் கம்பெனி ஆர்டர் மட்டும்தானே கொடுத்துச்சு?" என்றார். பண்டிகை நாள், பேசாம இருந்துட்டேன். இப்ப பதில் எழுதுறேன்.

டாக்காவுக்குப் பக்கத்தில் சாவார் என்ற ஊர். எட்டு மாடிக் கட்டடம், மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் ஏற்றியவை. உள்ளே ஐந்து தையல் ஆலைகள். 2013 ஏப்ரல் 23-ம் தேதி விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிருச்சு. மறுநாளும் வங்கி திறக்கலை. தையல்காரங்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னாங்க. வரலைன்னா சம்பளம் போயிடும்னு மிரட்டல். அன்னைக்குக் காலையிலேயே கட்டடம் இடிஞ்சு உட்கார்ந்தது. 1,134 பேர் செத்தாங்க, பாதிக்கு மேல் பெண்கள். அப்போ அவங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா.

கம்பெனிக்குத் தெரியாதாம். நான் பருத்தி போடுறவன். மூட்டையைப் பிரிச்சதும் வியாபாரி ஒரு கை அள்ளி, "ஈரம் இருக்கு, கொட்டு கலந்திருக்கு"ன்னு விலையைக் குறைப்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பிராண்ட் கம்பெனியும் அப்படித்தான். பட்டன் தூரம், தையல் நெருக்கம், சாயம் எல்லாத்தையும் அளந்து பார்க்கும். ராணா பிளாசா ஆலைகளிலும் தணிக்கை நடந்திருக்கு. ஆனா கட்டட உறுதி எங்க வேலையில் சேராதுன்னு பிற்பாடு சொன்னாங்க. துணியைச் சோதிக்கிறவன் தூணைச் சோதிக்க மாட்டானா?

விலையை வைக்கிறது யாரு? கப்பல் ஏத்துற தேதியைக் குறிக்கிறது யாரு? அடிமாட்டு விலைக்குக் கேட்டு, நாளையும் நெருக்கினா, விரிசல் விட்ட கட்டடத்திலும் ஆள் ஏத்தத்தான் செய்வான். அவன் குற்றவாளிதான், மறுக்கலை. நெருக்கினவனுக்கும் அதில் பங்கு உண்டு.

முடியாத காரியமும் இல்லை. அடுத்த மாசமே தொழிற்சங்கங்களோட சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தம் வந்தது. 200-க்கு மேற்பட்ட கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன. ஆலைகளுக்கு இன்ஜினியர்கள் போய்ச் சோதிச்சாங்க. இத்தனை பேர் சாகுறதுக்கு முந்தி அதைச் செய்ய என்ன தடை? நிவாரண நிதி 3 கோடி டாலர் சேரவே 2015 ஜூன் ஆயிருச்சு.

அந்தச் சட்டையே வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. ஆர்டர் நின்னா முதல்ல வேலை போறது அந்தப் பொண்ணுங்களுக்குத்தான். நானும் அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் இதை எழுதுறேன். ஆனா கம்பெனிகிட்ட கேளுங்க: எந்த ஆலையில் தைச்சீங்க? பேரை வெளியிடுவீங்களா? அங்கே சங்கம் இருக்கா? தள்ளுபடி எவ்வளவுன்னு கேட்கிற வாய்க்கு இதைக் கேட்கவும் தெரியும்.

மாப்பிள்ளை, அடுத்த தீபாவளிக்குக் கடையில் கேட்டுட்டு வாங்கிட்டு வாங்க.