எந்தப் பொதுச் சிகிச்சை?

"குடிநோய்க்கு ஆணென்ன, பெண்ணென்ன? சிகிச்சை பொதுதானே" என்கிறார் ஒரு கட்டுரையாளர். எந்தப் பொது? அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1977இல் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993இல்தான் அதைத் திரும்பப் பெற்றது. பெண்ணுடலும் ஆணுடலும் ஒன்றல்ல; பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. ஒரே எடை, ஒரே அளவு மது என்றாலும் அவள் இரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். ஈரலும் விரைவில் கெடும்.

உடலை விடுங்கள். உள்நோயாளியாகச் சேரும் தாய் கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? குடிக்கும் கணவனிடமா? குழந்தையைப் பறித்துவிடுவார்களோ என்று அஞ்சியே மருத்துவரிடம் வாய் திறக்காத பெண்கள் உண்டு. "பெண்கள் சிகிச்சைக்கு வருவதே குறைவு" என்று கட்டுரையாளர் காட்டும் ஆதாரம் அவருடைய வாதத்துக்கே எதிர்ச்சாட்சி. குழந்தையோடு தங்க இடம் கொடுங்கள். பிறகு தலைகளை எண்ணுங்கள்.