மரமும் வேணும், கரண்டும் வேணும்



மாரி நெருங்கினால் மின்கம்பியோரக் கிளைகளை வெட்ட வருவார்கள். வெட்டத்தான் வேண்டும். ஈரக் கிளை கம்பியில் பட்டால் கரண்ட் மட்டுமல்ல, உயிரும் போகலாம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வெட்டுவதற்கு முன் ஊரோடு பேசுங்கள்.

மரத்தின் தலையை மொட்டையாக வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து பிடிமானமில்லாத தளிர்கள் வேகமாகக் கிளம்பி மறுபடியும் கம்பியைத் தொடும். காயம் உக்கும். கம்பிப் பக்கம் போகும் கிளையை மட்டும் அது பிரியும் இடத்தில் வெட்டினால், பாடசாலை வாசலில் பிள்ளைகள் நிற்கும் நிழலாவது மிஞ்சும். இதை முன்கூட்டியே விளக்கினால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

அமெரிக்காவில் ‘ட்ரீ லைன் யூஎஸ்ஏ’ என்றொரு திட்டம் உண்டு. அதில் அங்கீகாரம் பெற, மின் நிறுவனம் ஊழியருக்கு ஆண்டுதோறும் பயிற்சி கொடுக்க வேண்டும். மரம் நட வேண்டும். மக்களுக்கும் விளக்க வேண்டும். எமது ஊருக்கு ஜும்ஆவுக்குப் பிறகு ஓர் அறிவித்தல், காலைக்கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்.

எங்கள் பங்கும் உண்டு. மரம் நடுவது ஸதகா. ஆனால் கம்பிக்கு நேர் கீழே தென்னை, மா, வேம்பு வேண்டாம். தேசி, மாதுளை, செவ்வரத்தை வைப்போம். பெரிய மரங்களைத் தள்ளி நடுவோம். கம்பியருகே இரும்புக் கொக்கத்தடியோடு மாங்காய் பறிக்கப் பிள்ளைகளை விடவே கூடாது.

இந்த மாரிக்கு முன் பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் மின் அலுவலகத்தாரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.