பூட்டுக்காரருக்கு கூலி கொடுக்காத உலகம்!

கனடா நாட்டு வரி வசூல் ஆபீசில் ஒரு திருட்டு. 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்தது. கதவு உடைபடவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. ஆனாலும் சுமார் 900 பேருடைய அடையாள எண்கள் பறிபோயின! 6 மணி நேரத்தில் காரியம் முடிந்தது. சில நாளில் 19 வயது வாலிபர் ஒருவரை போலீசார் கைது செய்தனர்.

ஆளைப் பிடித்தாயிற்று, சரி. பூட்டு எப்படித் திறந்தது?

பூட்டின் பெயர் "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." கம்ப்யூட்டர் வழியே போகும் பாஸ்வேர்டு, பாங்கு கணக்கு விவரம் எல்லாவற்றையும் அடுத்தவர் படிக்க முடியாதபடி ரகசிய எழுத்தாக மாற்றும் சாப்ட்வேர் இது. காசு கிடையாது. பெரிய கம்பெனி, சர்க்கார் ஆபீஸ் எல்லோரும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

கல்லாவில் ஓட்டை

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசும்போது, "லைனில் இருக்கிறாயா?" என்று ஒன்று கேட்கும். கூடவே ஒரு வார்த்தையை அனுப்பும். மற்றது அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

இங்கேதான் கோளாறு. கடையில் ஒரு ரூபாயைக் கொடுத்து வைத்தவன், "நூறு ரூபாய் கொடுத்தேனே, எடுங்க" என்கிறான். கல்லாக்காரர் எண்ணிப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த அடுத்தவர் பணத்தையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிட்டார்! இப்படி ஒரு தடவைக்கு சுமார் 64 ஆயிரம் எழுத்து வரை வெளியே போனது. வந்து போன தடமே இருக்காது.

"ஹார்ட்பிளீட்" என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். 2012 மார்ச்சில் வெளியான பூட்டில் இருந்த ஓட்டை, 2 வருடம் கழித்துத்தான் அம்பலமானது.

2014 ஏப்ரல் 7-ந் தேதி புதுப் பூட்டு வந்தது. "கொடுத்ததை எண்ணிப் பார்" என்பதுதான் திருத்தம். ஆனால் அவரவர் எடுத்து மாட்டினால்தானே! பூட்டை மாற்றினாலும் போதாது. சாவி ஏற்கெனவே களவு போயிருக்கலாம். சாவியையும் மாற்ற வேண்டும், பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்.

யார் குற்றவாளி?

தப்பாக எழுதியவரைப் பலர் திட்டினார்கள். அது நியாயமா? உலகமே நம்பிய அந்தப் பூட்டுக்கு அப்போது வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2 ஆயிரம் டாலர்தான்! முழு நேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் பார்த்தவர்கள். ஓசியில் வாங்கி கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள், "பூட்டு நல்லா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

மானம் போன பிறகு ஓடி வந்தார்கள். கூகுள், மைக்ரோசாப்ட், பேஸ்புக் உள்ளிட்ட கம்பெனிகள் இப்படிப்பட்ட பொதுச் சாப்ட்வேர்களைப் பராமரிக்க, தலா வருடத்துக்கு 1 லட்சம் டாலர் வீதம் 3 வருடத்துக்குத் தருவதாக அறிவித்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

தெருவுக்கு கூர்க்கா வைத்தால் வீட்டுக்கு வீடு மாதம் பிறந்ததும் காசு கொடுக்கிறோம். திருடன் வந்த மறுநாள் கொடுப்பதில்லை. சாமானியனுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு கோடீஸ்வர கம்பெனிகளுக்குத் தெரியாதா? பொதுப் பூட்டைப் பயன்படுத்துகிறவர் எவரோ, அவரே பராமரிப்புக் கூலியும் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயம்!