'விமானிப் பஞ்சம்' என்னும் பொய்

இந்தியாவுக்கு முப்பதாயிரம் விமானிகள் தேவை என்ற பேச்சைத் தர்மபுரி மாவட்டத்தில் இனி எந்த மேடையிலும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காகக் கல்யாண மண்டபங்களில் நடத்தப்படும் வழிகாட்டிக் கூட்டங்களில் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். எண் ஆளுக்கு ஆள் மாறும், பேச்சு மாறாது. விமானிகளுக்குப் பஞ்சம், படித்து முடித்தால் வேலை தேடி வரும், ஒரு கம்பெனி போனால் இன்னொன்று கூப்பிடும்.

எனக்கு இதில் சொந்த வலி உண்டு. என் அக்கா மகன் ஒரு சிறு சரக்கு விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருந்தான். நிறுவனம் நொடித்தது, வேலை போனது. அதன் பிறகு உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அவன் வருவதில்லை. வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "முப்பதாயிரம் பேர் வேணுங்கறாங்களே, உனக்கு மட்டும் ஏம்பா கிடைக்கல?" மேடையில் சொன்னவருக்கு அது கைதட்டல் வாங்கும் ஒரு எண். வேலை இழந்தவனுக்கோ அது குற்றப்பத்திரிகை. ஒரு தொழிலின் தோல்வியை ஒரு தனி ஆளின் கையாலாகாத்தனமாக மாற்றிவிடுகிறது அந்த எண். ஆகவே ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த எண். 2025 மார்ச்சில் ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு முப்பதாயிரம் என்று சொன்னது அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளுக்கான தேவையை. தர்மபுரி மேடைக்கு வந்து சேர்வதற்குள் ஆண்டுக்கணக்கு கழன்று விழுந்துவிட்டது. நம் நிறுவனங்கள் 1,700க்கும் மேற்பட்ட விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கின்றன என்பது அதற்கு அடிப்படை. ஆர்டர் கொடுத்த விமானம் வேறு, வானில் பறக்கும் விமானம் வேறு. கோ ஃபர்ஸ்ட் நிறுவனமும் புது விமானங்கள் வாங்கத்தான் திட்டமிட்டிருந்தது. இன்ஜின் கோளாறால் இருந்த விமானங்களில் பாதி தரையில் நின்று, 2023 மேயில் அது மொத்தமாக நின்றுபோனது.

அடுத்த வாதம்தான் இருப்பதிலேயே மோசமானது. "லைசென்ஸ் கையில் இருக்கிறது, அடுத்த கம்பெனியில் சேர வேண்டியதுதானே?" நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் டாடா லாரி ஓட்டுகிறவர் நாளைக்கே லேலண்டில் ஏறி ஓட்டலாம். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வாதம் நியாயமாகத் தெரியும். விமானத்தில் அது நடக்காது. உரிமம் இருந்தாலும் ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனியே ஓர் ஒப்புதல் வாங்க வேண்டும். டைப் ரேட்டிங் என்று அதற்குப் பெயர். போயிங் 757 ஓட்டியவர் ஏர்பஸ் 320இல் உட்கார வேண்டுமானால் வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு எல்லாவற்றையும் புதிதாக முடிக்க வேண்டும். செலவு பதினைந்து, இருபது லட்சம். வேலையில் இருப்பவருக்கு அதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும், வேண்டுமானால் ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளும். வேலை போனவர் தன் கைக்காசைப் போட வேண்டும். போட்டாலும் வேலை உறுதியில்லை.

இந்தியாவில் என்னென்ன விமானங்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். இண்டிகோவிடமும் ஏர் இந்தியாவிடமும் ஏர்பஸ் 320 குடும்பம். ஆகாசாவிடமும் ஸ்பைஸ்ஜெட்டிடமும் போயிங் 737. சரக்கு விமானத் தொழிலோ பெரும்பாலும் பழைய பயணி விமானங்களை மாற்றியமைத்து நடப்பது. சென்னையை மையமாகக் கொண்ட புளூ டார்ட்டின் முதுகெலும்பு போயிங் 757. 2004லேயே தயாரிப்பு நின்றுபோன அந்த விமானத்தை இந்தியாவில் எந்தப் பயணி நிறுவனமும் ஓட்டவில்லை. இப்படிப்பட்ட வகைகளில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இரவில் பறந்தவரின் அனுபவம், அடுத்த நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் பாதி மதிப்புக்கூடப் பெறுவதில்லை. இந்த வகை விமானத்தில் எத்தனை மணி நேரம் என்றுதான் அங்கே கேட்கிறார்கள்.

இதோடு முடியவில்லை. கடந்த 90 நாட்களுக்குள் அந்த வகை விமானத்தில் மூன்று முறையாவது மேலேற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது விதி. குறித்த கெடுவுக்குள் சிமுலேட்டரில் திறன் சோதனை முடிக்க வேண்டும். மருத்துவச் சான்றைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருப்பவருக்கு இவையெல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து தானாக நடக்கும். வேலை இல்லாதவர் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் முதல் தகுதி போகிறது, இன்னும் சில மாதத்தில் அடுத்தது. விளம்பரத்தில் 'தற்போது பறந்துகொண்டிருப்பவர்' என்று கேட்டிருப்பார்கள். வேலை கிடைக்காததே வேலைக்கு எடுக்காததற்குக் காரணமாகிறது. இதைவிடக் கொடிய சுழல் வேறு எந்தப் படித்த தொழிலில் இருக்கிறது? வேலை போன டாக்டரிடம் தொண்ணூறு நாளாக ஊசி போடவில்லையே என்று யாராவது கேட்கிறார்களா?

இத்தனையையும் தாண்டிச் சேர்ந்தாலும் புது நிறுவனத்தின் பணிமூப்புப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். பதினைந்து ஆண்டு கேப்டனாக இருந்தவர் மறுபடி துணை விமானியின் வலப்பக்கத்து இருக்கையில், தன் மகன் வயதுக்காரரின் கீழ் உட்கார வேண்டி வரும். உட்காரவும் பலர் தயாராக இருக்கிறார்கள். அந்த இருக்கையே கிடைப்பதில்லை.

அப்படியானால் பஞ்சமே இல்லையா? கேப்டன்களுக்கு இருக்கிறது. குறிப்பிட்ட வகையில் போதிய மணி நேரம் பறந்த, நாளைக்கே வேலைக்கு வரக்கூடிய கேப்டன்களுக்கு. அவர்கள் கிடைக்காதபோது நிறுவனங்கள் தற்காலிக அனுமதி வாங்கி வெளிநாட்டு விமானிகளைக் கொண்டுவருகின்றன. இருக்கும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதைவிட அது நிறுவனங்களுக்குச் சுலபம். மறுபக்கம் 2023இல் மட்டும் 1,622 பேருக்கு வணிக விமானி உரிமம் கொடுத்திருக்கிறார்கள். 200 மணி நேரம் பறந்து முடித்த இந்தப் பிள்ளைகளும், வேலை இழந்த அனுபவசாலிகளும் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

2025 டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்தானபோது, "பாருங்கள், ஆள் இல்லாமல்தானே நிற்கிறது" என்று எனக்கே போன் செய்து சொன்னார்கள். நடந்தது என்ன? விமானிகளுக்கு வாரத்துக்கு 48 மணி நேர ஓய்வு வேண்டும், இரவில் இறக்கும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று 2024 ஜனவரியிலேயே விதி வந்துவிட்டது. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். இடையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம். ஆள் இல்லாமல் விமானம் நிற்கவில்லை, ஆள் எடுக்காமல் நின்றது. கடைசியில் தளர்த்தப்பட்டது விதிதான்.

சரக்குக்கு என்றும் அழிவில்லை, கொரோனாவிலேயே பறந்தது என்கிறார்கள். பறந்தது. பயணி விமானங்கள் திரும்பி வந்ததும் அவற்றின் அடிவயிற்றில் பெட்டிகள் போகத் தொடங்கின. அந்தப் பெட்டிக்குச் சரக்கு விமானி தேவையில்லை. பெங்களூரு வழியாக வெளிநாடு போகும் ஓசூர் ரோஜாவுக்கும் அப்படித்தான். உலகிலேயே பெரிய சரக்கு நிறுவனங்களில் ஒன்றான ஃபெடெக்ஸ், 2023இல் தன் விமானிகளிடமே வேலை குறைவாக இருக்கிறது, விரும்பினால் பி.எஸ்.ஏ. என்ற சிறு பயணி நிறுவனத்துக்குப் போகலாம் என்று சொன்னது. 2025 நவம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் யு.பி.எஸ். நிறுவனத்தின் எம்.டி.11 சரக்கு விமானம் விழுந்ததும் அந்த வகை விமானங்கள் அனைத்தும் தரையிறக்கப்பட்டன. அதே வகையை வைத்திருந்த வெஸ்டர்ன் குளோபல் நிறுவனம் தன் எம்.டி.11 விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது. விபத்து வேறு நிறுவனத்தில். வேலை போனது இவர்களுக்கு.

நம் நாட்டுக் கதையும் இதுவே. ஹைதராபாத்தின் ஃபிளையிங்டன் ஃபிரைட்டர்ஸ் புத்தம்புது ஏர்பஸ் 330 சரக்கு விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரு நாளும் பறக்கவில்லை. சூரரைப் போற்று படத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லாத வழிகாட்டிக் கூட்டம் இல்லை. அந்தக் கதைக்கு மூலமான கேப்டன் கோபிநாத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் படம் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் அவருடைய ஏர் டெக்கான் 2007இல் கிங்ஃபிஷர் கைக்குப் போனது. அதன் பிறகு நாக்பூரை மையமாக வைத்து அவர் தொடங்கிய டெக்கான் 360 என்ற சரக்கு நிறுவனம் 2009இல் பறக்கத் தொடங்கி 2011இல் நின்றது. கிங்ஃபிஷரும் 2012இல் நின்றது. அங்கே வேலை செய்த விமானிகளுக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் சொன்னதில்லை.

வளைகுடா போகலாமே, ஐரோப்பா போகலாமே என்பவர்களுக்கு ஒரு வரி: ஐரோப்பிய உரிமத்துக்குப் பதின்மூன்று பாடங்களில் எழுத்துத் தேர்வு, பிறகு அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை, அதன் பிறகுதான் நேர்காணல்.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை என்கிறார்கள். விமானிக்குச் சம்பளம் கொடுப்பது விமான நிலையமல்ல. நமக்குப் பக்கத்தில், ஓமலூர் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. 2018 மார்ச்சில் அங்கிருந்து சென்னைக்குப் பறக்கத் தொடங்கிய ட்ரூஜெட் இன்று இல்லை. விமான நிலையம் இருக்கிறது.

வேலை நிரந்தரம் என்பவர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். விமானி வேலையை விட நினைத்தால் கேப்டன் ஓர் ஆண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2017இல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கட்டளையிட்டது. நிறுவனம் தன் கதவை மூடும்போது விமானிக்கு என்ன முன்னறிவிப்பு கிடைத்தது? ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானத்தை இறக்கியது. அதன் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில். கோ ஃபர்ஸ்டுக்கு அதே போன்ற உத்தரவு தீர்ப்பாயத்திடமிருந்து 2025 ஜனவரியில் வந்தது. அத்தனை ஆண்டுகள் சம்பளப் பாக்கிக்காகக் காத்திருந்தவர்களில் வீட்டுக் கடன் கட்டியவர்கள் இருந்தார்கள், படிப்புக் கடன் முடியாதவர்கள் இருந்தார்கள்.

நிறுவனம் மூடினால் அதன் விமானிகளின் தகுதி காலாவதியாகாமல் காக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். சிமுலேட்டர் சோதனைக்கும் புது வகைப் பயிற்சிக்கும் கடன் கொடுக்கலாம். வெளிநாட்டு விமானிக்கு அனுமதி தரும் முன், இங்கே வேலை இல்லாமல் இருப்பவர்களின் பட்டியலைப் பார்க்கலாம். முதலில் அப்படி ஒரு பட்டியலை வெளியிட்டாலே போதும், மேடைப் பேச்சுகள் பாதியாகக் குறையும்.

பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் இந்த ஆண்டும் நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகப்போகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் ஆசையைத் தடுக்காதீர்கள். பணம் கட்டும் முன் அந்தப் பயிற்சிப் பள்ளியிடம், கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களிடம் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று சம்பளத்துக்கு விமானம் ஓட்டுகிறார்கள், எந்த வகை விமானம், எந்த நிறுவனம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்க மறுக்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.